நைட்ரஜன் தொட்டியில் ஒரு குப்பி

சத்துவாச்சாரி, வேலூர்
12 ஜனவரி 2025

திரு. அன்பரசன் அவர்களுக்கு,

ஹெலன் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நாள் முழுக்க 'ம்' கொட்டத் தெம்பு இருக்கிறவருக்கு என்ன குறை?

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நாம் போனில் பேசிய லட்சணத்தை நினைத்துப் பாருங்கள். "சாப்ட்டியா?" என்றேன். "ம்." "சர்ச்சுக்குப் போனியா?" "ம்." "எப்ப வர்ற?" என்றேன். அதற்கும் "ம்." அது ஒரு பதிலா? புருஷனிடம் பேசுகிறேனா, மாட்டிடம் பேசுகிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் போனை வைத்தேன். இனி எடுக்கவும் மாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எழுத்தில் 'ம்' போட்டு ஒரு பக்கத்தை நிரப்ப முடியாதல்லவா?

தபால் செலவுக்கும் வேலை இல்லை. உங்கள் தோல் கம்பெனிக்குக் கெமிக்கல் வாங்க ஆம்பூருக்கும் எத்தியோப்பியாவுக்கும் நடையாய் நடக்கிற தௌசீப் பாய் இருக்கிறார். அவர் பெட்டியில் எப்படியும் பத்து வீட்டு மசாலா போகிறது. அதோடு இதுவும் போகட்டும். ஆம்பூர் வழக்கப்படி யார் கையில் கொடுத்தேன் என்று கீழே எழுதிவிடுகிறேன். தொலைந்தால் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

லேபில் வேலை ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் ஆம்பூர் போய்த் தோல் பதனிடும் ஷாப் வாசலில் உட்கார்ந்து தொழிலாளிகளிடம் ரத்தம் எடுக்கிறேன். "இன்னாம்மா, ரத்தத்த உறிஞ்சிட்டு பிஸ்கட் பாக்கெட்டு குடுக்கிற?" என்று கிண்டல் செய்துகொண்டே கையை நீட்டுகிறார்கள். அந்த ரத்தத்தை அளக்கப் போடும் ஆன்டிபாடி மருந்து தீரும் நிலையில் இருக்கிறது. புதுப் பாட்டில் கஸ்டம்ஸில் நிற்கிறது. அது வந்ததும் வழக்கம்போல உங்கள் ரத்தச் செல்லை உருக்கி, பழைய பாட்டிலில் வந்த அளவு இதிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன் உறையவைத்ததில் நைட்ரஜன் தொட்டியில் ஒரு குப்பிதான் மிச்சம்.

டிக்கெட் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிகிறது என்பதையும் மறக்கவில்லை.

ஹெலன்

கொண்டுவருபவர்: தௌசீப் அகமது


மோஜோ, எத்தியோப்பியா
6 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹெலன்,

'திரு', 'அவர்கள்', 'நீங்கள்'! கவரைப் பிரித்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். பிறகு உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஓ, கோபம் ஜாஸ்தி என்று புரிந்துகொண்டேன்.

எழுதச் சொன்னது எனக்கு நல்லதாகத்தான் போயிற்று. பேசுவதைவிட எழுதுவது எனக்கு இப்போது சுலபமாக இருக்கிறது.

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆம்பூர் மூக்கில் ஏறியது. அதே பச்சைத் தோல், அதே சுண்ணாம்பு நாற்றம். கண்ணை மூடினால் அடுத்த தெருவில் நீ இருக்கிறாய். கண்ணைத் திறந்தால்தான் பேஜார். இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அதனால் நீ இல்லாத கிறிஸ்துமஸ் எனக்கு இரண்டு முறை வந்தது. இன்னொன்று தெரியுமா? இங்கே காலண்டர் ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது. சுவரில் தொங்குவது 2017. நமக்குக் கல்யாணம் ஆன வருஷம். காலையில் பல் விளக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

ரூமில் என்னோடு இருப்பவர் சுந்தரமூர்த்தி. வாணியம்பாடிக்காரர், பாய்லர் மெக்கானிக். "உங்க வீட்டுக்காரம்மா இன்னா வேல பாக்குது?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "நம்ம ரத்தத்துல வெள்ளணு இருக்கில்ல, அதுக்கு மேல வாட்ச்மேன் மாதிரி ஒண்ணு நிக்குது. ஏற்பின்னு பேரு. கிருமி வாசனை பட்டா அதுதான் மொதல்ல சத்தம் போடும். அது எத்தினி நிக்குதுன்னு கண்ணால பாக்க முடியாது. அதை மட்டும் போய்ப் புடிச்சிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, ஆன்டிபாடி. எலி செல்லுல இருந்து செய்றாங்க. அதோட வாலுல சாயம் கட்டி விட்டா, மெஷின்ல பளிச்சுனு தெரியும். என் பொண்டாட்டி அத எண்றா." அவர், "எலி மருந்துன்னு சொல்லுங்க" என்றார். இப்போது இங்கே எல்லோரும் உன்னை எலிமருந்து டாக்டர் என்கிறார்கள்.

சிரித்துவிட்டாயா? சரி, இப்போது சிரிப்பில்லாத விஷயம். போன ஆகஸ்டில், ஆம்பூரில் எங்கள் ஷூ பேட்டர்ன் செக்‌ஷனை மூடியபின் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது உன் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தேன். வெளியூரிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். "இவர் யார்?" என்று உன்னிடம் கேட்டார்கள். நீ நிமிராமல், "எங்க கன்ட்ரோல்" என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீடு வரும்போது, இவளுக்கு என் ஒரு கை மட்டும் இருந்தால் போதும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம்தான் தௌசீப் பாய் இந்த வேலையைச் சொன்னார்.

செப்டம்பரில் இங்கே புது வருஷம். அதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம், இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேனா என்று. ஆம்பூரில் எனக்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அன்பு

கொண்டுவருபவர்: சுந்தரமூர்த்தி (அவர் தங்கைக்குக் கல்யாணம்)


சத்துவாச்சாரி
16 மார்ச் 2025

அன்பு,

'நீங்கள்' போதும். எழுதும்போதே எனக்குப் பல் கூசியது.

கன்ட்ரோல் என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. எங்கள் லேபில் அது மட்டமான வார்த்தை இல்லை. எல்லாரையும் எந்த ஆளோடு வைத்து அளக்கிறோமோ அந்த ஆளைத்தான் அப்படிச் சொல்வோம். ஆனால் ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனவனுக்கு இந்த விளக்கம் எதற்கு? அன்றைக்கே வந்து என்னோடு சண்டை போட்டிருக்கலாமே! பாத்திரத்தை எறிந்திருக்கலாம். டிக்கெட் எடுத்தாயே, பாவி.

மூன்று வருஷத்துக்கு நான் என்ன சொல்வது? போகும்போது என்னைக் கேட்டா போனாய்? நான் 'வா' என்று சொல்லி நீ வந்து, இங்கே வேலை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

புதுப் பாட்டில் வந்துவிட்டது. வந்ததிலிருந்து தலைவலி. தொழிலாளிகளின் ரத்தம் எதைப் போட்டாலும் மங்கல். ஏற்பி இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டுகிறது. சாயம் கட்டிய ஆன்டிபாடியை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்தால் சாயம் செத்துவிடும். உனக்குத் தெரியும், நம் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிரை நீ மேலே ஃப்ரீசரில் வைத்தபோது இதைச் சொல்லித்தானே திட்டினேன். ஸ்டோர் முனிரத்தினம்தான் ஃப்ரீசரில் போட்டுவிட்டார் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "மேடம், எம் புள்ளைங்க மேல சத்தியமா ஃப்ரிட்ஜுலதான் வெச்சேன்" என்கிறார். அவர் மேல் மெமோ போகும் போலிருக்கிறது.

என் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். அது பழைய பாட்டிலிலேயே மங்கல்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் அளவு மாறும். பழைய பாட்டிலில் பளிச்சென்று வந்து, எவ்வளவு என்று தெரிந்த ரத்தம் வேண்டும். அது உன்னுடையது ஒன்றுதான். கைடு காசிநாதன் சார், "ஹெலன், அன்பரசன் செல்லைப் போட்டுப் பாத்தாச்சா?" என்று கேட்டார். "போடறேன் சார்" என்றேன். அப்படிச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

தொட்டியைத் திறந்தேன். புகை கிளம்பியது. குப்பியைத் தூக்கி உன் பெயரைப் பார்த்தேன். திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

ஹெலன்

பி.கு.: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்த் தொக்கு ஒரு பாட்டில் இருக்கிறது. சுந்தரமூர்த்திக்குக் கொடுக்காதே. என்னை எலிமருந்து என்ற ஆளுக்கு என்ன கத்திரிக்காய்!

கொண்டுவருபவர்: சுந்தரமூர்த்தி (பாட்டில் என்ன என்று அவரிடம் சொல்லவில்லை)


மோஜோ
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

அன்புள்ள ஹெலன்,

தொக்கு பாதிதான் வந்து சேர்ந்தது. வாசனையை மறைக்க முடியுமா? விடு.

இந்த வருஷம் இவர்கள் ஈஸ்டரும் நம் ஈஸ்டரும் ஒரே நாள். காலையில் சர்ச்சில் நின்றபோது, இந்த ஒரு நாளாவது நீயும் நானும் ஒரே தேதியில் இருக்கிறோம் என்று தோன்றியது. பாட்டு பாட ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டேன். தொண்டை சரியில்லை.

குப்பியை உருக்கு. ஏன் என்று கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா என்ன? அது நான் இல்லை, ஹெலன். ஒரு ஊசி ரத்தம், அவ்வளவுதான். நான் இங்கே இட்லிக்கு ஏங்கிக்கொண்டு இந்த ஊர் இன்ஜெரா தோசை தின்கிற ஆள். நீ என்னைப் பத்திரமாக வைப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனை மெமோ வாங்க விடுகிறாய். முனிரத்தினத்துக்குக் காலேஜ் சேரும் வயசில் ஒரு பெண் இருக்கிறாள். அவர் எனக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பார், "வலிக்குதா சார்?" என்று கேட்பார். அந்த லேபில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

திட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் திட்டுவதற்காகவும்தான்.

நீ 'வா' என்றும் சொல்லவில்லை, 'வராதே' என்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறார்.

அன்பு

கொண்டுவருபவர்: தௌசீப் அகமது


சத்துவாச்சாரி
8 ஜூன் 2025

அன்பு,

உருக்கிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். குப்பியை வெந்நீர்த் தொட்டியில் பிடித்து லேசாக ஆட்டினேன். ஓரம் உருகி, நடுவில் கடுகளவு ஐஸ் மிச்சம் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். ஜூனியர் பெண் ஜோயா, "அக்கா, நான் புடிக்கட்டா?" என்றாள். விட மாட்டேன் என்றேன். செல்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. கழுவி, ஓய்வு கொடுத்து, புதுப் பாட்டிலிலிருந்து ஆன்டிபாடி போட்டு மெஷினில் ஏற்றினேன். திரையில் வரைபடத்தின் மேடு மெல்ல வலது பக்கம், அதாவது பளிச்சென்ற பக்கம், எழும்பியது. பழைய பாட்டிலில் எங்கே நின்றதோ அதே இடம். அன்பு, நீ அப்படியே இருந்தாய். ஜோயா பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவள் மெஷின் ரிப்பேர் என்று நினைத்துப் பயந்துவிட்டாள்.

ஆக, பாட்டிலில் கோளாறு இல்லை. முனிரத்தினம் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறார். கத்தியது எல்லார் முன்னாலும் என்பதால் மன்னிப்பும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "பரவால்ல மேடம், சார் எப்ப வர்றாரு?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் 'ம்' என்றேன். உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பாட்டில் சரி என்றால், மங்கலாக வந்த தொழிலாளிகளின் ரத்தம் நிஜமாகவே மங்கல். பஃபிங் செக்‌ஷன் ஆட்கள்தான் எல்லாரிலும் மங்கல். நாள் முழுக்க தோலைத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கிறவர்கள். ஓயாமல் தொந்தரவு கொடுத்தால் அந்த வாட்ச்மேன் உள்ளே போய்ப் படுத்துவிடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். அவசரப்படாதே என்கிறார் காசிநாதன் சார். இதையெல்லாம் எழுதி, உன் வாட்ச்மேன்கள் மட்டும் விறைப்பாக நிற்கிறார்கள் என்று கிண்டல் செய்து, கடிதத்தை இங்கேயே முடித்து வைத்திருந்தேன்.

பிறகு சாயங்காலம் அதை வாங்கிக்கொள்ள தௌசீப் பாய் வந்தார். டீ கொடுத்தேன். சும்மா பேச்சுக்கு, "உங்க தோஸ்த் எப்படி இருக்காரு பாய்?" என்றேன். "இருமல் இப்ப கம்மிதான் தங்கச்சி. பஃபிங்ல இருந்தா அது சகஜம், ஒண்ணும் பயப்படாத" என்றார்.

எந்த இருமல்? எந்த பஃபிங்? பேட்டர்ன் வெட்டத்தானே போனாய்? நான் அங்கே வாசலில் உட்கார்ந்து ஊரான் ரத்தத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே போய் அதே தூசிக்குள் நிற்கிறாயா? பாய் பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "நான் சொன்னன்னு சொல்லாத" என்றார். சொல்லிவிட்டேன்.

எனக்குப் பதில் வேண்டும். 'ம்' இல்லாத பதில்.

ஹெலன்

கொண்டுவருபவர்: தௌசீப் அகமது (அவரைத் திட்டாதே)


மோஜோ
29 ஜூன் 2025

அன்புள்ள ஹெலன்,

டிசம்பரில் பஃபிங் சூப்பர்வைசர் ஓடிப்போய்விட்டான். "நீ பாத்துக்கோ, ரெண்டு மாசம்தான்" என்றார்கள். ரெண்டு மாசம் முடியவே இல்லை. மாஸ்க் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மெஷின் சத்தத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது, அதனால் எல்லாரும் கழற்றிவிடுவோம். நானும்தான். எலிமருந்து டாக்டரின் புருஷன்.

உனக்கு 'ம்' கதை தெரிய வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு இருமல் ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினால் இருமல் பிடித்துக்கொள்ளும். நீ கேட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவாய். வாயை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அதுதான். "எப்ப வர்ற?" என்று கேட்டாயே, அப்போது நான் 'ம்' என்றது உனக்குக் கேட்டது. போனை நீ வைத்த பிறகு, "வரணும் ஹெலன், இப்பவே வரணும்" என்று சொல்லிக்கொண்டே இருமியது கேட்கவில்லை. கடிதம் எழுது என்று நீ சொன்னபோது தப்பித்தேன் என்று நினைத்தேன். கடிதம் இருமாது.

இங்கே டாக்டர் பார்த்தார். நெஞ்சு படம் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லையாம், தூசியை விட்டு விலகச் சொன்னார். இப்போது கம்மிதான், நிஜம்.

ஆனால் ஒன்று யோசித்தேன். நீ திரையில் பார்த்து அழுதாயே, அது போன வருஷத்து ஆள். இப்போது என் கையில் ஊசி போட்டால் உன் ஆம்பூர் ஆட்களோடு மங்கலாகத்தான் நிற்பேன். கன்ட்ரோலாகக்கூட நான் உனக்கு இனி உதவ மாட்டேன். வேலையும் இல்லை, ரத்தமும் சரியில்லை. எதற்கென்று வந்து நிற்பேன்? மேனேஜர் இப்போது ஜூலை கடைசிக்குள்ளேயே முடிவு கேட்கிறார். கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறேன்.

அன்பு

கொண்டுவருபவர்: சுந்தரமூர்த்தி (தங்கைக்கு ஐந்தாம் மாச வளைகாப்பாம். கல்யாணத்துக்குப் போனது நேற்று மாதிரி இருக்கிறது)


சத்துவாச்சாரி
13 ஜூலை 2025

அன்பு,

சுந்தரமூர்த்தி வாசலில் நிற்கிறார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறார். நிற்கட்டும்.

கன்ட்ரோல் வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று. ஜோயாதான். கை நரம்பு கயிறு மாதிரி இருக்கிறது, மேடும் பளிச்சென்று வருகிறது. அவளிடமிருந்து வாங்கித் தொட்டியில் வரிசையாக அடுக்கிவிட்டேன். ஆகவே அந்த இடம் காலி இல்லை. அந்தச் சாக்கை வைத்து நீ வரவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது.

போன வாரம் ரிசல்ட்டை எல்லார் முன்னாலும் வைத்துப் பேசினேன். வெளியூர்க்காரர் ஒருவர், "உங்க கன்ட்ரோல், அந்த ரெஃபரன்ஸ் டோனர் யார்?" என்று கேட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "என் வீட்டுக்காரர். பேரு அன்பரசன். ஷூ பேட்டர்ன் டிசைனர். இப்ப ஊர்ல இல்ல. சீக்கிரம் வந்துடுவாரு." காசிநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வாழ்க்கையிலேயே ஆதாரம் இல்லாமல் மேடையில் ஒன்று சொன்னது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

எதற்கு வந்து நிற்பேன் என்கிறாய். தயிரை ஃப்ரீசரில் வைக்க ஒரு ஆள் வேண்டும். ராத்திரி கரண்டு போனால் இந்த வேலூர்ப் புழுக்கத்தில் கூடச் சேர்ந்து புலம்ப ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் எனக்குப் பிடிக்காத எலும்பை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் தட்டிலேயே கிடக்கிறது. போதுமா? போதாதென்றால் நேராகவே சொல்கிறேன், மானம் போனாலும் பரவாயில்லை. எனக்கு நீ வேண்டும். மங்கலாக இரு, வேலை இல்லாமல் இரு, சுவரைப் பார்த்துக்கொண்டு இரு. சுவரும் நம்முடையதுதானே. உன் இருமலை என்னிடமிருந்து ஒளித்தாயே, அதை நான் கேட்க வேண்டும். ராத்திரி எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டும். எத்தனை மாதமாக அதைச் செய்யவிடாமல் வைத்திருந்தாய்!

இருமிக்கொண்டே வா. வா. மூன்றாவது முறை எழுதினால் அழுதுவிடுவேன், சுந்தரமூர்த்தி பார்க்கிறார்.

ஹெலன்

கொண்டுவருபவர்: சுந்தரமூர்த்தி (இந்த முறை அவருக்கும் தனியாக ஒரு பாட்டில் தொக்கு)


மோஜோ
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹெலன்,

சின்னக் கடிதம்தான்.

கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்" என்று மேனேஜர் இன்னொரு மாதம் கொடுத்தார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். இன்னும் கொஞ்ச நாளில் இங்கே 2017 முடிந்து புது வருஷம் பிறக்கிறது. ஊரெல்லாம் மஞ்சள் பூ விற்கிறார்கள். அந்த வருஷத்தை நான் இங்கே பார்க்கப்போவதில்லை. சுவரிலிருந்த காலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் கல்யாண வருஷத்தை இந்தச் சுவரில் விட்டுவிட்டு வர மனசில்லை.

வேலை என்ன செய்வேன் என்று தெரியாது. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இனி எதுவும் செய்வேன், டிக்கெட் உட்பட. இந்த டிக்கெட்டை மட்டும் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

தௌசீப் பாய், "தங்கச்சிக்குக் கடுதாசி இல்லியா? நாளைக்குக் கெளம்பறேன்" என்றார். இருக்கிறது, ஆனால் இந்த முறை உங்கள் பெட்டி வேண்டாம் என்றேன். அவர் புரிந்துகொண்டு என் முதுகில் ஒரு அடி வைத்தார். அதற்கும் இருமல் வந்தது.

இதை வாசலிலேயே நின்று படித்துக்கொண்டிருக்காதே. பெட்டி கனம், கை வலிக்கிறது.

அன்பு

கொண்டுவருபவர்: நான்தான்